ரப்பரைத் தூக்கிப் போடுங்கள்

போன மாதம் பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். மேஜைமேல் கிடந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார் இது, பக்கம் பக்கமா கோடு? முதல்ல பென்சில்ல பழகுங்க. தப்பாப் போனா அழிச்சுக்கலாம். அப்புறம் பேனாவுக்குப் போங்க" என்றார். எல்லோரும் சொல்வதுதான். இந்த விஷயத்தில் நான் எதிர்க்கட்சி. அறுபது தாண்டி வரையப் பழகுகிறவர்கள் பேனாவில்தான் தொடங்க வேண்டும்.

நான் ஓவியன் இல்லை. செங்கல்பட்டில் 33 வருஷம் அரசாங்கக் கோப்புகளில் கையெழுத்துப் போட்டவன். இரண்டு வருஷம் முன்பு வலது கை லேசாக நடுங்க ஆரம்பித்தது. பயப்பட ஒன்றுமில்லை, வயசுதான் என்றார் டாக்டர். ஆனால் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று ஒரு செக் திரும்பி வந்தபோது ஆடிப்போய்விட்டேன். எத்தனை ஆயிரம் கையெழுத்துப் போட்ட கை! அந்த வாரமே பென்சிலும் ரப்பரும் கோடு போடாத நோட்டும் வாங்கினேன்.

ஒரு மாதத்தில் பென்சில் தேயவில்லை, ரப்பர் பாதி தேய்ந்துவிட்டது. ஒரு சொம்பு வரைவதற்குள் நாலு முறை அழிப்பேன். அழிக்க அழிக்கக் கை இன்னும் தயங்கியது. பிறகுதான் சாதாரண பால்பாயிண்ட் பேனாவை எடுத்தேன். தப்பான கோடு அங்கேயே கிடக்கும். பக்கத்தில் சரியானதைப் போட வேண்டியதுதான். எந்த இடத்தில் விலகினோம் என்பது கண்ணெதிரே தெரியும்.

மெதுவாக இழுத்தால் நடுக்கம் அத்தனையும் தாளில் பதிகிறது. கோடு முடிய வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பேனா முனையைப் பார்க்காமல் அந்தப் புள்ளியையே பார்த்து, மணிக்கட்டை மறந்து தோளிலிருந்து ஒரே இழுப்பாக இழுங்கள். பத்தில் மூன்று நேராக வரும். எனக்கு இப்போது ஆறு வருகிறது.

பயிற்சிக்கு என் பேரன் யூடியூபில் காட்டியதெல்லாம் பெட்டி, உருளை, கூம்பு. மூன்றாம் நாளே கொட்டாவி. அப்போதுதான் அலமாரியில் என் மனைவியின் கோல நோட்டு கண்ணில் பட்டது. அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. பழைய டைரி ஒன்றில் எல்லாமே நீலப் பேனாவில். 'சந்துப் புள்ளி 7, 4 வரை' என்று ஓரத்தில் குறிப்பு. சிக்குக் கோலத்தில் கோடு எந்தப் புள்ளியையும் தொடாமல் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும். ஒரு வளைவு பிசகினால் மூடாது. வளைவெல்லாம் ஒரே அளவு, இடைவெளி ஒரே அளவு, அடுத்து எங்கே போகப்போகிறோம் என்ற கவனம். வரைகிறவனுக்கு வேறென்ன பயிற்சி வேண்டும்? தினமும் காலையில் வாசலில் அதைத் தாண்டித்தான் ஆபீசுக்குப் போனேன். மிதிக்காமல் தாண்டினேனே தவிர ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

நோட்டு பழகியதும், மாதம் ஒருமுறை திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து மாமல்லபுரம் போகிறேன். அர்ஜுனன் தபசு கிழக்கு பார்த்தது. காலை வெயில் நேரே விழும், ஆரம்பக்காரர்களுக்கு ஆகாது. அத்தனை உருவங்களையும் பார்த்தால் மலைப்பாகவும் இருக்கும். பக்கத்தில் கிருஷ்ண மண்டபம் நிழல். அங்கே ஒருவர் பால் கறக்க, பசு கன்றை நக்குகிறதே, அந்தப் பசுவின் முதுகுக்கோடு போதும். ஒரே கோடு. முதல் நாள் பதினொரு தடவை போட்டேன். எட்டிப் பார்த்த பள்ளிக்கூடப் பையன் ஒருவன், "தாத்தா, இது நாயா?" என்றான்.

கல்லில் வேலை செய்தவனுக்கு ரப்பர் ஏது? ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி ஒரு கொத்து கூடுதலாகக் கொத்தினால் கொத்தியதுதான். கலங்கரை விளக்கத்தின் பக்கம் இன்னொரு தபசுச் சிற்பம் பாதியில் நிற்கிறது. முடிக்காத குகைகளில் பாறையைக் கட்டம் கட்டமாக வெட்டிக்கொண்டு உள்ளே போன தடம் அப்படியே இருக்கிறது. எனக்கு முழுதாக முடிந்தவற்றைவிட இவற்றைப் பார்க்கத்தான் பிடிக்கிறது. எப்படித் தொடங்கினார்கள் என்பது தெரிகிறதே.

எங்கள் அப்பா 'தென்னாட்டுச் செல்வங்கள்' பக்கங்களை விகடனிலிருந்து கிழித்து பைண்டு செய்து வைத்திருந்தார். சில்பியின் கோடுகள்! சிலை முன்னால் உட்கார்ந்து வரைந்தவர். கல்லின் வழவழப்பும் இடுப்பின் நிழலும் வெறும் மைக்கோட்டில் வந்துவிடும். கைதேர்ந்தவர்கள் பென்சிலில் அமைப்புப் போட்டுக்கொண்டு மேலே மை ஏற்றலாம். அழிக்க வேண்டியது எது, விட வேண்டியது எது என்று அவர்களுக்குத் தெரியும். நமக்குத் தெரியாது என்பதால்தான் சொல்கிறேன்.

பேங்கில் புதுக் கையெழுத்து மாதிரி கொடுத்தாகிவிட்டது. கொஞ்சம் கோணல்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே கோணல்.

வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிருஷ்ண மண்டபத்தில் இருப்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் வரலாம். என்னிடம் நாலைந்து பேனா கூடுதலாக இருக்கும்.