தடுப்பூசி போட்டும் காப்பு இல்லை

அடுப்பில் நிலக்கரி கனல்கிறது. பழைய கம்ப்யூட்டரின் சர்க்யூட் போர்டை மேலே பிடித்ததும் பற்றவைத்த ஈயம் இளகி வழிகிறது. சிப்புகளைக் குறடால் பிடுங்கி வாளியில் போடுகிறார்கள். தென்சீனாவின் ஷாண்டோ நகரை ஒட்டிய குய்யூவில் பல ஆண்டுகள் வீட்டுக்கு வீடு நடந்த தொழில் இது. வீடே பட்டறை. அந்தத் தூசி படிந்த தரையில்தான் குழந்தைகள் தவழ்ந்தன, அதே கையை வாயில் வைத்தன. விழுங்கும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு கூடுதலாகக் குழந்தையின் உடல் உறிஞ்சிவிடும்.

ஈயம் மூளையைக் கெடுக்கும் என்பது பலருக்கும் தெரியும். நோய் எதிர்ப்பையும் அது கெடுப்பதுதான் அதிகம் பேசப்படவில்லை. ஷாண்டோ பல்கலைக்கழக மருத்துவ ஆய்வாளர்கள் 2011, 2012-ம் ஆண்டுகளில் குய்யூ மழலையர் பள்ளிப் பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். எல்லாம் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்ட பிள்ளைகள். ஆனாலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் போதுமான எதிர்ப்பொருள் உருவாகவில்லை. ஈயம் கூடியிருந்த ரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைந்திருந்தது.

தடுப்பூசி, கிருமியை அடையாளம் காண உடலுக்குத் தரும் பயிற்சி. அதைக் கற்றுக்கொள்ள வேண்டியவை வெள்ளணுக்கள். வைரஸை எதிர்க்கும் அணுக்களை அடக்கி, ஒவ்வாமையைத் தூண்டும் அணுக்களின் பக்கம் உடலை ஈயம் சாய்த்துவிடுவதை எலிகளில் நடந்த சோதனைகள் காட்டியிருக்கின்றன.

ஈயம் மட்டுமல்ல. வங்கதேசத்தின் மத்லாப் பகுதியில், கர்ப்ப காலத்தில் ஆர்சனிக் கலந்த குழாய்க் கிணற்று நீரைக் குடித்த தாய்மாரின் சிசுக்களுக்கு, வெள்ளணுக்கள் முதிரும் தைமஸ் சுரப்பியே சிறுத்திருந்தது.

இது அயலார் கவலை அல்ல. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் உள்ள குழந்தைகள் உலகில் சுமார் 80 கோடி, அவர்களில் 27 கோடிக்கும் மேற்பட்டோர் இந்தியக் குழந்தைகள் என்று 2020-ல் யுனிசெஃப் மதிப்பிட்டது. டெல்லியின் சீலம்பூரில் மின்கழிவு பிரிக்கும் சந்துகளிலும் பிள்ளைகள் வளர்கிறார்கள். எத்தனை தவணை ஊசி போட்டாயிற்று என்று மட்டும் எண்ணினால் போதாது. இத்தகைய இடங்களில் தடுப்பூசி அட்டையோடு ரத்த ஈயப் பரிசோதனையும் சேர வேண்டும். அளவு கூடிய குழந்தைக்கு எதிர்ப்பொருள் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

குய்யூவின் வீட்டுப் பட்டறைகளை மூடி, தொழிலைத் தொழிற்பேட்டைக்குள் சீனா கொண்டுபோனது 2015 வாக்கில்தான். இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகள், மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. அடுத்த முறை பழைய போனையும் பேட்டரியையும் காயலான் கடைக்கு எடைக்குப் போடப் போகிறவர்கள், பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்தைத் தேடிக் கொடுங்கள்.