ஆர்வமில்லை என்பது யார் குற்றம்?



"என் கணவருக்கு இதிலெல்லாம் ஆர்வமில்லை." இது பல ஆண்டுகள் நான் தோழியரிடம் சொல்லிவந்த வாசகம். "இந்த மாணவனுக்குப் பாடத்தில் ஆர்வமில்லை." இது பல ஆண்டுகள் நான் குறிப்பேட்டில் எழுதிவந்த வாசகம். இரண்டும் பொய் என்பதே என் வழக்கு. பொய்யுரைத்தவள் நானே ஆகையால், முதலில் என்னையே கூண்டில் ஏற்றிக்கொள்கிறேன்.

நான் விரும்பி விளையாடுவது ஒரு மேசை விளையாட்டு. அதில் பலகையும் காயும் கட்டாயமில்லை. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தராக மாறிப் பேசுவர். ஒருவர் நடுவர். "கப்பலின் கதவு திறக்கவில்லை. என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று அவர் கேட்பார். மற்றவர் விடை சொல்வர். ஐயமான இடத்தில் பகடை முடிவு செய்யும். இவ்வகை விளையாட்டு 1974இல் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் பெயரில் அச்சேறியது. அது வாளும் மந்திரமும் நிறைந்த உலகம். விண்வெளியைக் களமாகக் கொண்டது, மார்க் மில்லர் உருவாக்கி 1977இல் வெளிவந்த 'டிராவலர்'. ஆசிரியர் பயிற்சிக் கழக விடுதியில் ஒரு தோழி எனக்கு இதனைக் கற்றுக்கொடுத்தாள். இன்றும் சனிக்கிழமை இரவுகளில் புந்தோங்கில் உள்ள எங்கள் வீட்டு உணவு மேசையில் என் தம்பியும் நண்பர்களும் கூடுகின்றனர். நடுவே ஒரு தட்டில் கச்சாங் பூத்தே. பக்கத்தில் இரண்டு பகடைகள்.

என் கணவர் வாகனப் பட்டறை நடத்துபவர். தோட்டத்து லயத்தில் பிறந்து, மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவர். ஒருமுறை அவரை வற்புறுத்தி அழைத்து உட்காரவைத்தேன். ஆங்கில விதிநூலை அவர் முன் விரித்தேன். அரைமணி நேரம் விதிகளை விளக்கினேன். பிறகு அவரை வாசிக்கச் சொன்னேன். ஒரு சொல்லை அவர் பிழையாக உச்சரித்தார். மேசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். "கடையில் வேலை இருக்கிறது" என்று எழுந்து போனவர், அதன்பின் ஐந்து ஆண்டுகள் அந்த மேசைப் பக்கமே வரவில்லை.

நான் என்ன சொன்னேன்? "அவருக்கு ஆர்வமில்லை" என்றேன்!

அன்பர்களே, ஒருவரை அவமானப்படுத்திவிட்டு அவர் விலகிப்போனதும் 'ஆர்வமில்லாதவர்' என்று முத்திரை குத்துவது எவ்வளவு வசதியான வழி! குற்றம் அழைத்தவரை விட்டு நீங்கி, அழைக்கப்பட்டவர் தலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இதே வேலையைத்தானே நாம் வகுப்பறையில் நாள்தோறும் செய்கிறோம்? ஓர் ஆண்டு இறுதியில், வாய் திறந்து வாசிக்கவே மறுத்த ஒரு மாணவனைப் பற்றி 'ஆர்வம் குறைவு' என்று எழுதத் தொடங்கியபோது என் கை நின்றது. அவனும் ஒருநாள் உரக்க வாசித்துப் பிழைசெய்தவன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேனா? நினைவில்லை என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. சிரித்தேன்.

அந்த வாரம் விதிநூலை மூடிவைத்துவிட்டு என் கணவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "தோட்டத்தைத் துண்டாடியபோது உங்கள் தாத்தா என்ன செய்தார்?"

பேராக்காரர்களுக்கு இக்கேள்வியின் கனம் தெரியும். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்கார நிறுவனங்கள் பல ரப்பர்த் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். தொழிலாளர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தனர். இதற்கு மாற்றாகவே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தைக் கொண்டு அச்சங்கம் தோட்டங்களை வாங்கியது. என் கணவரின் தாத்தா வேலை செய்த தோட்டத்தை யாரும் வாங்கிக் காப்பாற்றவில்லை. குடும்பம் ஒரு பெட்டியோடும் இரண்டு பால் வாளிகளோடும் வெளியேறியது. இன்று அந்த நிலம் முழுவதும் செம்பனை.

அவர் சொல்லி முடித்ததும் கேட்டேன். "அந்தத் தோட்டம் வேறொரு கோளில் இருந்தால்? நிறுவனம் விற்றுவிட்டுப் போகிறது. முந்நூறு குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களிடம் உள்ளது கடனில் வாங்கிய ஒரு பழைய விண்கப்பல் மட்டுமே. நீங்கள் அதன் இயந்திரப் பொறுப்பாளர். என்ன செய்வீர்கள்?"

நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "கப்பலுக்கு மாதத் தவணை எவ்வளவு?" என்றார்.

'டிராவலர்' விளையாட்டில் இதற்கு விதியே உண்டு. கப்பல் விலையில் 240இல் ஒரு பங்கை மாதந்தோறும் 480 மாதங்கள் கட்டவேண்டும். சொன்னதும், "நாற்பது ஆண்டில் இரண்டு கப்பலின் விலையையல்லவா கட்டுகிறோம்!" என்று கொதித்தார். விதிநூலைப் பல ஆண்டுகள் புரட்டிய எங்களில் ஒருவரும் அக்கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை அவரே மேசைக்கு வந்தார். ஆட்டம் முழுவதும் தமிழில் நடந்தது. கப்பலின் இயந்திரம் பழுதானது. இரண்டு பகடையும் சேர்ந்து 8 விழவேண்டும். அவருக்கு 7 விழுந்தது. "போச்சு மாமா" என்றான் தம்பி. "எனக்கு இயந்திரத் திறன் 1 உண்டே! 7உம் 1உம் எட்டு" என்றார் அவர். நள்ளிரவு வரை கூட்டுறவுக்குக் குடும்பம் குடும்பமாக ஆள் சேர்த்தார். தாத்தாவால் மீட்க முடியாத தோட்டத்தைப் பேரன் மீட்க நான்கு சனிக்கிழமைகள் ஆயின. திருமணமாகிப் பதினேழு ஆண்டுகள் கழித்து அவர் பேச்சில் நான் கேட்ட பல செய்திகள் எனக்குப் புதியவை. மின்கட்டணமும் பள்ளிக் கட்டணமும் தவிர எங்களுக்குப் பேச ஏதுமில்லை என்று நம்பியிருந்தேன்!

"விண்வெளிக் கதையெல்லாம் ஆங்கிலம் படித்தவர்க்கே" என்பார் சிலர். எழுத்தாளர் சுஜாதா 'என் இனிய இயந்திரா'வைத் தமிழில் எழுதி, அதைத் தமிழர் விரும்பிப் படிக்கவில்லையா? 2006இல் நாட்டின் முதல் விண்வெளி வீரருக்கான இறுதி நால்வருள் ஒருவராக வனஜா என்னும் நம்மினப் பெண் நிற்கவில்லையா? விண்ணுக்கு மொழித்தடை இல்லை. தடை, நாம் வைக்கும் நுழைவுத் தேர்வில் இருக்கிறது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. நம் மனத்திலிருந்து இன்னும் நீங்கவில்லை.

இல்லத்திலோ வகுப்பிலோ ஒருவரை அழைக்க விரும்புவோர்க்கு என் பட்டறிவில் விளைந்த சில:

1. விதியை முதலில் சொல்லாதீர். கேள்வியை முதலில் கேளுங்கள். விதி தேவைப்படும்போது அவரே கேட்பார்.

2. உங்கள் உலகத்துக்கு அவரை விருந்தாளியாக அழைக்காதீர். அவர் அறிந்ததை அவ்வுலகத்தில் ஒரு பங்காக்குங்கள். பட்டறைக்காரர்க்கு இயந்திரம், சந்தைக்குப் போகிறவர்க்குப் பேரம்.

3. மேசையில் பிழைக்குச் சிரிப்பவரை முதலில் திருத்துங்கள்.

4. இவ்வளவுக்குப் பின்னும் "வேண்டாம்" என்றால் விட்டுவிடுங்கள். மறுப்பது அவர் உரிமை. என் கணவரும் எல்லா வாரமும் வருவதில்லை. காற்பந்து உள்ள இரவில் தொலைக்காட்சி முன்தான் இருப்பார். அதில் எனக்கு வருத்தமில்லை.

நான்காவதைச் சொல்லும் தகுதி, முதல் மூன்றையும் செய்தவர்க்கே உண்டு. நம்மில் பெரும்பாலோர் நேராக நான்காவதுக்குத் தாவி, அதற்கு 'ஆர்வமின்மை' என்று பெயரும் சூட்டிவிடுகிறோம்.

அந்த மாணவனின் தந்தை சரக்குந்து ஓட்டுபவர். மறு ஆண்டு, 'செவ்வாய்க் கோளில் சரக்குந்து' என்று தலைப்புக் கொடுத்து, எழுத வேண்டாம், சொன்னால் போதும் என்றேன். பத்து நிமிடம் பேசினான். பிறகு அதை எழுதவும் செய்தான். எழுத்துப்பிழைகள் பதினான்கு. யாரும் சிரிக்கவில்லை.

இவ்வாண்டு குறிப்பேட்டில் 'ஆர்வமில்லை' என்று எழுதப்போகும் ஆசிரியர்களே, வீட்டில் அதையே சொல்லும் பெற்றோர்களே, எழுதுமுன் சற்றே நிறுத்தி, அவரை எப்படி அழைத்தோம் என்று எண்ணிப் பாருங்கள்.