பிரேக் இல்லாத கல்லு

பொங்கலுக்கு ராசிபுரம் போனப்போ அம்மாவுக்கு ஒரு நுரைக்கல் வாங்கிட்டுப் போனேன். அதாங்க, பியூமிஸ் ஸ்டோன். காடுமேடெல்லாம் வெறுங்கால்ல நடந்து அம்மாவுக்கு ரெண்டு கால்லயும் பித்தவெடிப்பு. அதுவரைக்கும் துவைக்கிற கல்லுலதான் குதிங்காலைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க.

பக்கெட்டுல போட்டதும் கல்லு மிதந்துச்சு. "கல்லுன்னா முங்கோணுமில்ல கண்ணு?"ன்னாங்க. நம்ம வாய் சும்மா இருக்குமா? கிளாஸ் எடுத்தேன். எரிமலைக் குழம்புல கரைஞ்சிருக்கிற வாயு, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி பொங்கும்போதே குழம்பு சட்டுனு ஆறிடும். மிஞ்சறது உடம்பெல்லாம் ஓட்டையான ஒரு கண்ணாடி. 1883-ல கிரகடோவா எரிமலை வெடிச்சப்போ இந்தக் கல்லு கூட்டம் கூட்டமா இந்துமாக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கக் கரை வரைக்கும் மிதந்து போயிருக்கு. ஜீன்ஸை 'ஸ்டோன்வாஷ்' பண்ணி நரைக்க வைக்கிறதும் இதே கல்லுதான்.

ஜீன்ஸையே தேய்க்கிற கல்லு, தோலை விடுமா? அந்தக் கேள்வி அன்னைக்கு எனக்குத் தோணலை.

ரெண்டு வாரம் கழிச்சு அம்மா போன். அப்பாவும் அந்தக் கல்லை எடுத்துத் தேய்ச்சிருக்கார். முப்பது வருஷம் லாரி ஓட்டின கால்; பதினஞ்சு வருஷமா சர்க்கரை. பாத்ரூம் தரையில ரத்தத்தைப் பார்த்து அம்மா கத்தினப்போதான் அவருக்கே தெரிஞ்சிருக்கு. "எனக்கு வலிக்கவே இல்லையேடா"ன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்த வார்த்தைதான்.

சர்க்கரை ரொம்ப நாள் இருந்தா பாதத்து நரம்பு மரத்துப் போகும், ரத்த ஓட்டமும் குறையும். சின்னக் கீறல் புண்ணாகி, சீழ் வெச்சு, விரலையோ காலையோ எடுக்கிற வரைக்கும் போகலாம். அப்பாவுக்கு ஆற ரெண்டு மாசம் ஆச்சு. தப்பிச்சோம்.

தப்பு கல்லு மேல இல்லைங்க. வாங்கிக் கொடுத்த என் மேலதான். ஒரு சாப்ட்வேரைக் கொடுத்தா யார் பயன்படுத்துவாங்கன்னு நூறு கேள்வி கேட்கிறவன், வீட்டுக்கு வாங்கும்போது ஒண்ணுகூட கேட்கலை. இந்தக் கல்லுக்கு பிரேக்கே வலிதான். வலி தெரியாதவங்க கையில அது பிரேக் இல்லாத லாரி. அப்பாகிட்ட இப்படிச் சொன்னதும் உடனே புரிஞ்சுக்கிட்டார்.

மத்தவங்க தாராளமா பயன்படுத்தலாம். வெதுவெதுப்பான தண்ணியில காலை ஊறவெச்சு, கல்லையும் நனைச்சு, லேசாத் தேய்ங்க. எரிச்சல் வந்தா நிறுத்திடுங்க. அப்புறம் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். கல்லைக் கழுவிக் காயவைங்க, ஒருத்தர் கல்லை இன்னொருத்தர் தொட வேண்டாம். சர்க்கரை உள்ளவங்க மட்டும் டாக்டரைக் கேட்காம தொடாதீங்க. பாதத்துல உணர்ச்சி இருக்கான்னு மெல்லிசா ஒரு நைலான் இழையை வெச்சு அவங்களே பார்த்துச் சொல்லிடுவாங்க.

இப்போ தினமும் ராத்திரி அம்மா அப்பாவோட உள்ளங்காலை டார்ச் அடிச்சுப் பார்க்கறாங்க. உங்க வீட்டுலயும் சர்க்கரை உள்ளவங்க இருந்தா, இப்பவே ஒரு போன் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. பின்னூட்டம் அப்புறமா போட்டுக்கலாம்.