"சும்மா" இருந்த ஒரு குடும்பத் தலைவி

"நீ என்ன பண்றே?" என்று யாராவது கேட்டால், "சும்மா வீட்டிலேதான் இருக்கேன்" என்று சொல்லும் சகோதரிகள் நம்மில் எத்தனை பேர்! அந்தச் "சும்மா"வுக்குள் எவ்வளவு வேலை அடங்கியிருக்கிறது என்பதை ஊருக்கெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன ஓர் அம்மாவை இன்று உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

அவர் பெயர் எர்மா பாம்பெக். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில், ஓஹையோ மாநிலத்தில் 1927-ல் பிறந்தவர். ஒன்பது வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். படித்துப் பட்டம் வாங்கி, பத்திரிகையில் வேலை பார்த்தார். 1949-ல் கல்யாணம். குழந்தை பிறப்பது கடினம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டதால் 1953-ல் ஒரு பெண் குழந்தையைத் தத்து எடுத்துக்கொண்டு, வேலையை விட்டார். அப்புறம் பாருங்கள், 1955-லும் 1958-லும் இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள்!

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, 1964-ல், உள்ளூர் வாரப் பத்திரிகையில் எழுத இடம் கேட்டு வாங்கினார். கட்டுரைக்கு 3 டாலர் சம்பளம். மேஜை ஏது? படுக்கையறையில் சிமெண்ட் கட்டிகளின் மேல் ஒரு பலகை, அவ்வளவுதான். தோய்க்கிற துணி, இஸ்திரி, பிள்ளைகளின் அமர்க்களம் இவைதாம் விஷயம். இதையெல்லாம் யார் படிப்பார்கள் என்கிறீர்களா? நாளடைவில் சுமார் 900 பத்திரிகைகளில் அவர் எழுத்து வெளிவந்தது! 1978 முதல், பெண்களின் சம உரிமைச் சட்டத் திருத்தத்துக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசவும் செய்தார்.

ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு வியாதி இருந்தது. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் பெருகும் பரம்பரை நோய். இருபது வயதிலேயே அது தெரிந்தும், வெகுகாலம் வெளியில் மூச்சு விடவில்லை. 1992-ல் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை. அதையடுத்துச் சிறுநீரகமும் கைவிட்டது. 1993-ல்தான் வாசகர்களுக்குத் தெரிந்தது. வீட்டிலேயே தினம் நாலு தடவை டயாலிசிஸ் செய்துகொண்டே எழுதினார். பெரிய பெயர் இருக்கிறதே என்று மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையைத் தாண்டிப் போக அவர் விரும்பவில்லை. 1996 ஏப்ரல் 3-ல் மாற்று அறுவை நடந்தது. ஏப்ரல் 22-ல், 69-வது வயதில் காலமானார்.

அவரிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தச் சிரிப்பை. தன் உடம்பைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதை மட்டும் வேண்டாமே! பெற்றோரில் ஒருவருக்கு இந்த நீர்க்கட்டி நோய் இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. பல வருஷம் ஓர் அறிகுறியும் தெரியாது; ரத்த அழுத்தம்தான் முதலில் ஏறும். ஆகவே உங்கள் குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்த அழுத்தம் பாருங்கள். அவர் சொன்னால் ஸ்கேனும் எடுத்துவிடுங்கள். மார்பில் கட்டி தட்டுப்பட்டால், "பண்டிகை முடியட்டும், பரீட்சை முடியட்டும்" என்று நாள் கடத்தாதீர்கள். வீட்டில் எல்லாருக்கும் மருந்து வேளையை நினைவூட்டுகிற நீங்கள், இந்த வாரம் உங்களுக்காக ஒரு நடை போய் வாருங்களேன்!