ஃபைனல், ஃபைனல் 2, உண்மையான ஃபைனல்

போன வாரம் ஆபீஸில் ஆணி கொஞ்சம் அதிகம். இருந்தாலும் ஊரிலிருந்து அக்கா பையன் போன் பண்ணினால் எடுக்காமல் இருக்க முடியுமா? மைசூரில் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறான். லீவுக்கு ஹனூர் வீட்டுக்கு வந்திருந்தான். குரலே சரியில்லை.

"மாமா, ப்ராஜெக்ட் போச்சு."

நாலு பேர் சேர்ந்து செய்கிற ப்ராஜெக்ட். ஜிப் ஃபைலாக வாட்ஸப்பில் மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஃபைனல், ஃபைனல் 2, உண்மையான ஃபைனல். ஒருத்தன் பழைய ஜிப்பில் தன் வேலையைச் செய்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டான். இவனும் கவனிக்காமல் அதைத் தன் ஃபோல்டர் மேலேயே பிரித்துவிட்டான். அதுவரை யாருக்கும் அனுப்பாமல் வைத்திருந்த ஒரு வாரத்து வேலை காணோம். அதைவிடப் பெரிய வருத்தம், நாலு பேருக்கும் இப்போது பேச்சே இல்லையாம்.

"ஏன்டா, கிட் யூஸ் பண்ணலையா?"

"ரெஸ்யூமேல போட்டிருக்கேன் மாமா. ஆனா பண்ணத் தெரியாது."

சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. 2003-ல் என் முதல் கம்பெனியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஃபோல்டர். ஒரு ராத்திரி அவசரத்தில், பக்கத்து சீட்டுக்காரர் திருத்தி வைத்திருந்த ஃபைல் மேல் என் ஃபைலைக் காப்பி பண்ணிவிட்டேன். அவருடைய மூணு நாள் உழைப்பு போய்விட்டது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அப்புறம் ஒரு மாசம் தனியாகவே சாப்பிடப் போனார். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அப்போது கருவி இல்லையா என்றால், இருந்தது. 1972-லேயே பெல் லேப்ஸில் மார்க் ராச்கைண்ட் இதற்கென்று ஒன்றை எழுதிவிட்டார். 80-களில் ஆர்.சி.எஸ், சி.வி.எஸ் வந்தன. 2004-ல் சப்வெர்ஷன் 1.0 பதிப்பு. லினக்ஸ்காரர்கள் பிட்கீப்பர் என்ற மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்தி வந்தார்கள். அந்தச் சலுகை முடிவுக்கு வந்ததும், 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுத ஆரம்பித்தார். (கிட்ஹப் வேறு, அது 2008-ல் வந்த இணையதளம். பையன்கள் பாதிப் பேர் இரண்டும் ஒன்று என்று நினைக்கிறார்கள்.) எங்களிடம் இல்லாமல் போனது பழக்கம்தான்.

என் கருத்து இதுதான். கிட்டை மந்திரம் மாதிரி சொல்லிக்கொடுக்கிறோம். ஆட், கமிட், புஷ். இன்டர்வியூவுக்கு முந்தின ராத்திரி மனப்பாடம் பண்ணினால் போதும் என்கிறோம். முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது, மாற்றியதற்குக் காரணம் எழுதி வைக்கும் பழக்கத்தை. "அப்டேட்", "சேஞ்ச்" என்று செய்தி எழுதுகிறவனுக்கு கமாண்டெல்லாம் தெரிந்தும் பிரயோஜனம் இல்லை. ஆறு மாசம் கழித்து அவனுக்கே புரியாது. இப்போது கோடை ஏ.ஐ. எழுதித் தருகிறது. ஏன் இதை ஏற்றுக்கொண்டோம் என்பதையாவது நாம் எழுதி வைக்க வேண்டாமா?

பையனுக்கு எங்கள் வீட்டை வைத்தே சொன்னேன். கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியில் இருக்கிறது ஹனூர். தாத்தாவின் பழைய காகிதங்களில் கோயமுத்தூர் ஜில்லா என்று இருக்கும். 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது கொள்ளேகால் பக்கம் மைசூர் மாநிலத்துக்குப் போனது. 1973-ல் அந்த மாநிலத்தின் பெயர் கர்நாடகா ஆனது. 1997-ல் மைசூர் ஜில்லாவிலிருந்து சாமராஜநகர் பிரிந்தது. இன்று ஹனூரே ஒரு தாலுகா. வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. தாத்தாவின் காகிதமும் தப்பில்லை, அன்றைக்கு அது சரி. எப்போது, ஏன் மாறியது என்று தெரிந்தால் குழப்பமே இல்லை. தெரியாதவன் தாத்தாவின் காகிதத்தைப் போலி என்பான்.

"சரி மாமா, ஆனா இங்க மழை வந்தா நெட்டே இருக்காதே?"

நல்ல கேள்வி. சி.வி.எஸ், சப்வெர்ஷனில் கமிட் பண்ண சர்வர் வேண்டும். கிட்டில் முழு வரலாறும் உன் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. ஹனூரில் நெட் போனாலும் பத்து கமிட் பண்ணலாம், வந்ததும் புஷ் பண்ணலாம். இரண்டு பேர் ஒரே வரியில் கை வைத்தால், மெர்ஜ் பண்ணும்போது கிட் நின்றுவிடும். எது வேண்டும் என்று நீங்களே பேசி முடிவு பண்ண வேண்டும். வாட்ஸப் ஜிப் அதைக் கேட்பதில்லை, சத்தமில்லாமல் அழித்துவிடும்.

இன்னும் இரண்டு விஷயம் சொன்னேன். கமிட் பண்ணினது அவ்வளவு சுலபத்தில் தொலையாது. தவறாக ஏதாவது செய்துவிட்டாலும் ரெஃப்லாக் பார்த்துப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். கமிட் பண்ணாததற்கு கிட் பொறுப்பில்லை. அதனால் அடிக்கடி, சின்னச் சின்னதாக கமிட் பண்ணு. இரண்டாவது, பாஸ்வேர்டை உள்ளே போடாதே. அப்புறம் ஃபைலை அழித்தாலும் வரலாற்றில் அது இருக்கும். உடனே பாஸ்வேர்டை மாற்றுவதுதான் வழி.

எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் கட்டளைக்கு 'பிளேம்' என்று பெயர். சப்வெர்ஷனில் அதே கட்டளையை 'ப்ரெய்ஸ்' என்றும் கூப்பிடலாம். குற்றமும் பாராட்டும் ஒரே பதில்தான் தருகிறது :-) யார் என்பதோடு நிறுத்தாமல் ஏன் என்பதையும் படிக்கப் பழகினால், நாலு பேர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்காது.

கிட் சுலபம் என்று நான் சொல்ல மாட்டேன். இத்தனை வருஷம் பொட்டி தட்டியும் ரீபேஸ் என்றால் எனக்கு இன்னும் கை கொஞ்சம் நடுங்கும். ஆனால் நம் வீடுகளில் அண்ணன் பையன், அக்கா பொண்ணு என்று யாராவது ஒருத்தர் ஊரில் இதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். வேலைக்கு ரெஃபரல் கேட்கும்போது மட்டும் பேசாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஸ்க்ரீனைப் பகிர்ந்து உட்காருங்கள். அவர்களின் முதல் பத்து கமிட் செய்திகளைப் படித்து, "ஏன் மாத்தின?" என்று மட்டும் கேளுங்கள்.

நேற்று பையன் முதல் கமிட் அனுப்பியிருந்தான். செய்தி இப்படி இருந்தது: "இருக்கிற பழைய ஜிப்பிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறோம். போனது என் பகுதி மட்டும், நானே எழுதுகிறேன்."

கூட இருக்கிற மூணு பேரில் இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்களாம். மூணாவது பையனுக்கு இன்று போன் பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறான்.