தண்டவாளத்துக்குக் கிடைத்தது, தாத்தாவுக்குக் கிடைக்கவில்லை

என் சின்ன வயதில், பீடோங் பக்கத்துத் தோட்டத்தில், லயத்துப் பெரியவர்கள் சில வீடுகளுக்கு ஒரே அடையாளம் சொல்வார்கள்: "அது சயாமுக்குப் போனவர் வீடு." போனவர் திரும்பினாரா என்று யாரும் கேட்பதில்லை. திரும்பியிருந்தால் அந்த வீட்டை அவர் பெயரால்தான் அழைத்திருப்பார்கள்.

1941 டிசம்பரில் ஜித்ராவில் பிரிட்டிஷ் படை தோற்றதும் கெடாவின் பால்மரக் காடுகளில் வேலை நின்றது. வேலையில்லாத லயங்களுக்குத்தான் ஜப்பான்காரன் ஆள் தேடி வந்தான். நாளுக்கு ஒரு வெள்ளி, மூன்று மாத வேலை, அரிசி தருவோம் என்றார்கள். பேச்சுக்கு மயங்காத இடங்களில் வளைத்துப் பிடித்தார்கள். சரக்குப் பெட்டிகளில் அடைத்து பான்போங் கொண்டுபோய், அங்கிருந்து காட்டுக்குள் நடக்கவிட்டார்கள். பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை. மலாயாவிலிருந்து போனவர்கள் 70,000க்கும் மேல், அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தவர்களைக் குறைத்துச் சொல்லும் கணக்குகள்கூடப் பத்தாயிரக்கணக்கில் பேசுகின்றன.

இதில் கெடாவுக்கென்று தனியாக ஒரு விசித்திரம் உண்டு. 1943 அக்டோபரில் பாதையின் இரு முனைகளும் இணைந்தன. அதே மாதத்தில் ஜப்பான் கெடாவைச் சயாமிடம் ஒப்படைத்தது. சயாமுக்குப் போனவர் அங்கே மண்வெட்டியோடு நிற்க, அவருடைய ஊரே சயாமுக்குப் போய்விட்டது! போர் முடிந்து பிரிட்டிஷார் திரும்பியபோது, இந்த மனிதரின் கூலிக்கும் உயிருக்கும் யார் பொறுப்பு என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை.

ஆனால் தண்டவாளத்துக்குப் பதில் கிடைத்தது. மரண ரயிலுக்காக ஜப்பானியர் மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையையும் தம்பின்–மலாக்கா பாதையையும் பெயர்த்து எடுத்துப் போயிருந்தார்கள். போருக்குப் பின் சயாம் தன் எல்லைக்குள் இருந்த பகுதியைப் பிரிட்டனிடமிருந்து 12.5 லட்சம் பவுனுக்கு வாங்கியது. அந்தப் பணம் மலாயா, பர்மா, டச்சு இந்தியத் தீவுகளிலிருந்து பறிபோன ரயில் சாமான்களுக்கு ஈடாகப் போனது. இரும்பை எண்ணிப் பார்க்க ஆள் இருந்தது, கணக்குப் புத்தகம் இருந்தது. மலாயாவில் போர்ச் சேத ஆணையம் ஒன்றும் அமைந்தது. கடை, வீடு, இயந்திரம் இழந்தவர்கள் அங்கே மனுப் போட்டார்கள். லயத்துக்காரனுக்குச் சொந்தமாக இருந்தது அவன் உடம்பு மட்டும்தான். அதற்கு அங்கே விண்ணப்பத் தாள் இல்லை.

1951இல் சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கை வந்தது. அதில் நேச நாடுகள் தங்கள் சார்பிலும் தங்கள் குடிமக்கள் சார்பிலும் ஜப்பான் மீதான இழப்பீட்டுக் கோரிக்கையைப் பெரும்பாலும் கைவிட்டன. மலாயாவுக்காகக் கையெழுத்துப் போட்டது பிரிட்டன். அப்போது நம் கூட்டரசுச் சட்டமன்றத்தில் மக்கள் வாக்களித்து வந்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. முதல் தேர்தலே 1955இல்தான். ஜப்பானியச் சொத்துகளிலிருந்து பிரிட்டிஷ் போர்க்கைதிக்கு ஆளுக்குச் சுமார் 76 பவுன் கிடைத்தது. அதே காட்டில் அதே கட்டையைத் தூக்கிய தமிழனுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. பிறகு 1967 செப்டம்பரில் மலேசியாவும் ஜப்பானும் ஓர் ஒப்பந்தம் செய்தன. 2.5 கோடி வெள்ளி, அதுவும் ரொக்கமாக இல்லை, பொருளும் சேவையுமாக. இரண்டு சரக்குக் கப்பல்கள் வந்தன. விவகாரம் முற்றாகத் தீர்ந்தது என்று எழுதிக்கொண்டார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பெரிய பெரிய தொகைகளை நான் இங்கே சேர்க்கவில்லை. கையெழுத்தான தாளில் இருப்பது இதுதான்.

இதைப் படிக்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம். அமெரிக்கா அப்போதுதான் பிரிட்டனிடமிருந்து பிரிந்த புதிய நாடு. அரசு சம்மதிக்காமல் அதன் மீது வழக்குப் போட முடியாது என்ற பழைய ஆங்கிலேயக் கொள்கையைப் பல மாநிலங்கள் விடவில்லை. ஆகவே நஷ்டப்பட்டவர் நேராகச் சட்டமன்றத்துக்கு மனு எழுதினார். சுதந்திரப் போரில் பிரிட்டிஷ் படை டான்பரி, ஃபேர்ஃபீல்ட், நார்வாக், நியூ லண்டன் முதலிய ஊர்களைக் கொளுத்தியது. வீடு இழந்தவர்கள் மனு மேல் மனுவாக அனுப்பினார்கள். சட்டமன்றம் குழு அமைத்து ஒவ்வொருவர் நஷ்டத்தையும் மதிப்பிட்டது. 1792இல் ஒன்பது ஊர்களைச் சேர்ந்த 1,800க்கும் மேற்பட்டோருக்கு, இன்றைய ஓஹாயோவில் 5 லட்சம் ஏக்கர் நிலம் ஒதுக்கியது. மொத்த நஷ்டம் 1,61,548 பவுன் என்று ஷில்லிங், பென்ஸ் வரை கணக்கு இருக்கிறது. அந்த நிலத்துக்குத் 'தீ நிலம்' என்றே பெயர்.

அதை நான் பெரிய நியாயமாகச் சொல்ல வரவில்லை. அந்த நிலம் பூர்வகுடி மக்களுடையது. குடியேற்றம் தொடங்கவே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதற்குள் பலர் இறந்துவிட்டார்கள், பலர் தங்கள் பங்கை விற்றுவிட்டார்கள். ஆனால் இன்னார், இன்ன ஊர், இவ்வளவு நஷ்டம் என்று ஆள் ஆளாக எழுதிய பட்டியல் மிஞ்சியது. நம் கதையில் அந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராகக் கப்பலுக்குப் போய்விட்டார்கள். யாருடைய கடன் அடைந்தது என்று பெயர் சொல்லாமலேயே கடன் அடைந்தது.

பட்டியலில் இருந்தவர்களுக்குப் பிற்காலத்திலும் அது உதவியது. 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு, உயிரோடிருந்த தூரக் கிழக்குப் போர்க்கைதிகளுக்கும் இறந்தவர்களின் விதவைகளுக்கும் 10,000 பவுன் கருணைத் தொகை அறிவித்தது. ஐம்பதுகளில் ஒதுக்கப்பட்டதைக் காட்டி கூர்க்கா வீரர்களை மறுபடியும் விலக்கப் பார்த்தார்கள். அவர்கள் வழக்குப் போட்டு 2002இல் லண்டனில் ஜெயித்தார்கள். படைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருந்தது. கெடாத் தோட்டத்திலிருந்து போனவர் பெயர் எங்கே இருக்கிறது? கிராணியின் செக்ரோல் புத்தகத்தில் இருந்திருக்கலாம். அந்தத் தோட்டம் துண்டாடப்பட்டு, கைமாறி, இன்று வீடமைப்புத் திட்டமாக நிற்கிறது.

காஞ்சனபுரியில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளின் கல்லறைகளில் பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கிறது. தமிழர்களுக்கு அந்த ஊரில் ஒரு நடுகல் நாட்ட 2023 வரை ஆனது.

இப்போது கோலாலம்பூரில் வேலை பார்க்கும் சுங்கைப் பட்டாணி, கூலிம், பாடாங் செராய்ப் பிள்ளைகள் பலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். உங்களில் சிலருடைய கொள்ளுத் தாத்தா சயாமுக்குப் போயிருப்பார். நாடாளுமன்ற உறுப்பினர் வழியாக மனுக் கொடுக்க நமக்கு இன்று உரிமை இருக்கிறது. எந்த மனுவுக்கும் முதலில் பெயர்ப் பட்டியல் வேண்டும். வீட்டில் பாட்டி இருந்தால் இந்த வாரமே கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். போனவர் பெயர், தகப்பனார் பெயர், கூடப் போனவர்கள், எந்த ஆண்டு, எந்த டிவிஷன் லயம் என்று கேளுங்கள். தோட்டத்துக்குத் தமிழில் ஒரு பெயர், துரைமார் புத்தகத்தில் வேறொரு பெயர் இருந்திருக்கும். இரண்டையும் எழுதி வையுங்கள்.