அடுத்த தலாய் லாமா: இந்தியா வாய் திறக்கட்டும்

சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினர் எவரும் எந்த மதத்தையும் பின்பற்றக்கூடாது. அது கட்சியின் விதி. அந்தக் கட்சி நடத்தும் அரசு 2007-ல் ஓர் ஆணை பிறப்பித்தது. மத விவகாரத் துறையின் 5-ஆம் எண் ஆணை அது. திபெத்திய பௌத்தத்தின் ‘வாழும் புத்தர்’ எவராக இருந்தாலும் அவரது மறுபிறவி அரசின் ஒப்புதல் பெற்றால்தான் செல்லும் என்கிறது அந்த ஆணை. முற்பிறவியும் இல்லை, மறுபிறவியும் இல்லை என்பவர்கள், யார் யாராகப் பிறந்தார் என்று சான்றிதழ் வழங்கக் கிளம்பியிருக்கிறார்கள். கோயில் நிர்வாகத்தில் அரசுக்கு என்ன வேலை என்று நம் ஊரில் ஓயாமல் சண்டை போடுகிறோம். அடுத்த பிறவியையே பதிவு செய்ய வேண்டும் என்று இங்கே எந்த அரசும் கேட்டதில்லை. சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம்தான். ஆனால், அந்த ஆணை குறிவைக்கும் மனிதர் இமாசலப் பிரதேசத்தின் தர்மசாலாவில் இருக்கிறார். 1959 முதல் இந்தியாவின் விருந்தினர் அவர்.

பதினான்காவது தலாய் லாமா டென்சின் கியாட்சோ, தனது 90-ஆவது பிறந்தநாளுக்கு நான்கு நாள் முன்பு, 2025 ஜூலை 2-ஆம் தேதி, தன் முடிவை அறிவித்தார். தலாய் லாமா மரபு தன்னோடு முடியாது. அடுத்தவரை அடையாளம் காணும் அதிகாரம் தன்னுடைய காடென் போட்ராங் அறக்கட்டளைக்கு மட்டுமே உண்டு. வேறு யாரும் தலையிட முடியாது என்றார். பொற்கலசத்தில் சீட்டு எடுக்க வேண்டும், சீன மத்திய அரசின் ஒப்புதலும் வேண்டும் என்று பெய்ஜிங் உடனே பதில் சொன்னது. அடுத்தவரைத் தீர்மானிக்கும் உரிமை தலாய் லாமாவுக்கே உண்டு என்று மறுநாள் மத்திய அமைச்சர் கிரண் ரிஜிஜு பேசினார். அதற்கும் மறுநாள், சமய நம்பிக்கை தொடர்பான விஷயங்களில் இந்திய அரசு எந்த நிலைப்பாடும் எடுப்பதில்லை என்று வெளியுறவு அமைச்சகம் கூறிவிட்டது. ஒரு பக்தனாகத்தான் பேசினேன் என்று ரிஜிஜுவும் விளக்கம் அளித்தார். பிறகு அவரே பிறந்தநாள் விழா மேடையில் அமர்ந்திருந்தார். பிரதமரும் வாழ்த்துச் சொன்னார். பாதி மறைத்து, பாதி காட்டும் இந்த வித்தை இதுவரை பலித்திருக்கலாம். இனிப் பலிக்காது என்பதே நம் கருத்து.

பெய்ஜிங் பேசும் பொற்கலசத்தின் கதை என்ன? கூர்க்காப் படையெடுப்பிலிருந்து திபெத்தைக் காக்கத் தன் படையை அனுப்பிய சிங் பேரரசர் சியென்லுங், 1793-ல் அந்தக் கலசத்தை லாசாவுக்குக் கொடுத்தார். தேர்வுக்கு வரும் சிறுவர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் கலசத்தில் போட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். உத்திரமேரூர்க் குடவோலையை அறிந்த நமக்கு முறை புதிதல்ல. ஆனால், குடவோலையைக் குலுக்கியது ஊர்ச்சபை. இங்கே கலசத்தின் சொந்தக்காரர் பேரரசர். திபெத்தியர்கள் இதை மனமுவந்து ஏற்கவில்லை. ஒன்பதாவது, பதின்மூன்றாவது தலாய் லாமாக்களும், இப்போது இருக்கும் பதினான்காவதும் சீட்டெடுக்காமலேயே பட்டத்துக்கு வந்தவர்கள். அப்போது விலக்கு அளித்தோம் என்கிறது சீனா. விலக்கு அளித்ததும் நான்தானே, ஆகவே அதிகாரமும் எனதே என்பது அதன் வாதம்.

அந்தக் கலசம் கடைசியாக எதற்குப் பயன்பட்டது என்பதைப் பார்த்தால் வரப்போவது தெரியும். திபெத்திய பௌத்தத்தில் தலாய் லாமாவுக்கு அடுத்த இடத்தில் வைக்கப்படுபவர் பஞ்சன் லாமா. பத்தாவது பஞ்சன் லாமா 1989-ல் ஷிகாட்சேயில் மறைந்தார். 1995 மே 14-ஆம் தேதி, கெதுன் சோக்கி நீமா என்ற ஆறு வயதுச் சிறுவனை அவரது மறுபிறவி என்று தலாய் லாமா அறிவித்தார். மூன்றே நாளில் அவனையும் பெற்றோரையும் சீன அதிகாரிகள் கொண்டுபோனார்கள். அன்று முதல் வெளியுலகம் அவனைப் பார்க்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில், லாசாவின் ஜோகாங் கோயிலில், பெய்ஜிங்கிலிருந்து வந்த அதிகாரிகள் முன்னிலையில் கலசத்திலிருந்து வேறொரு பெயர் எடுக்கப்பட்டது: கியால்ட்சென் நோர்பு. இன்று அவர் சீன அரசின் ஆலோசனை மன்றத்தில் உறுப்பினர். சீனா நடத்தும் பௌத்த மாநாடுகளின் முகம். பஞ்சன் லாமா விஷயத்தில் இத்தனை முனைப்புக்கு ஒரு காரணம் உண்டு. அடுத்த தலாய் லாமாவை அடையாளம் காண்பதில் மரபுப்படி அவருக்கும் பங்கு உண்டு.

மதம் தூய்மையானது, அரசியல்தான் அதைக் கெடுக்கிறது என்று நாம் வாதிடவில்லை. தலாய் லாமா என்ற பட்டமே 1578-ல் மங்கோலிய மன்னர் அல்தான் கான் கொடுத்தது. அதைப் பெற்றவருக்கு அடுத்த தலாய் லாமா, வசதியாக, அந்த மன்னரின் வம்சத்திலேயே பிறந்தார். 1642-ல் ஐந்தாவது தலாய் லாமாவை ஆட்சியில் அமர்த்தியது குஷ்ரி கான் என்ற இன்னொரு மங்கோலியரின் வாள். இந்தப் பீடத்தில் அரசியல் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டதல்ல. அதைக் கழற்றியவர் இப்போதைய தலாய் லாமாதான். 2011-ல் தன் ஆட்சி அதிகாரம் முழுவதையும் புலம்பெயர்ந்த திபெத்தியர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் தலைவரிடம் ஒப்படைத்தார். மதத்தலைவர் ஆட்சியை விட்டு விலகுகிறார்; ஆட்சியாளர்கள் மதபீடத்துக்குள் நுழைகிறார்கள். மறுபிறவியில் நம்பிக்கை இல்லாதவரும் எந்தப் பக்கம் நிற்பது என்று தடுமாற வேண்டியதில்லை.

தலாய் லாமா மறைந்த பிறகு என்ன நடக்கும்? பெரும்பாலும் இரண்டு குழந்தைகள் அறிவிக்கப்படுவார்கள்: ஒன்று லாசாவில், மற்றொன்று சீனாவுக்கு வெளியே. தனக்கு அடுத்தவர் சுதந்திர உலகில் பிறப்பார் என்று தலாய் லாமாவே எழுதியிருக்கிறார். அந்தக் குழந்தை வளர்ந்து பேசத் தொடங்கப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். டென்சின் கியாட்சோ ஆட்சிப் பொறுப்பு ஏற்றபோது வயது பதினைந்து. அதுவே சீனப்படை உள்ளே வந்த அவசரத்தில் நடந்தது. அந்த இடைவெளியைத்தான் பெய்ஜிங் நம்பியிருக்கிறது. அதன் பாதிப்பு லாசாவோடு நிற்காது. லடாக், லாஹௌல்-ஸ்பிட்டி, சிக்கிம், அருணாசலம் என்று இமயத்தின் இந்தியச் சரிவு நெடுகிலும் திபெத்திய பௌத்த மடங்கள் இருக்கின்றன. ஆறாவது தலாய் லாமா பிறந்தது தவாங்கில். அருணாசலம் தன்னுடையது என்று சொல்லும் சீனா, அங்குள்ள ஊர்களுக்கும் மலைகளுக்கும் புதுப்பெயர் சூட்டிப் பட்டியல் வெளியிடுகிறது. நாளை பெய்ஜிங்கின் தலாய் லாமா, தவாங் எங்கள் முன்னோர் பூமி என்று ஆசி வழங்கினால், அதையும் சமய நம்பிக்கை தொடர்பான விஷயம் என்று நம் வெளியுறவு அமைச்சகம் ஒதுக்கிவிடுமா?

அண்டை நாடுகளைச் சீனா எப்படிப் பணியவைக்கிறது என்பதற்கு மங்கோலியா சாட்சி. 2016 நவம்பரில் தலாய் லாமா அங்கே போனார். கடன் பேச்சுவார்த்தை நின்றது. எல்லையில் சரக்குகளுக்குப் புதுக்கட்டணம் வந்தது. ஒரு மாதத்தில் மங்கோலிய வெளியுறவு அமைச்சர், இந்த அரசு இருக்கும்வரை அவரை இனி அனுமதிக்க மாட்டோம் என்று சொல்ல நேர்ந்தது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் அரசியல் சாசனம் கொண்ட இலங்கையில் அவர் கால் வைத்ததே இல்லை. வத்திக்கானே கூட 2018-ல் ஆயர் நியமனத்தில் பெய்ஜிங்குடன் உடன்பாடு செய்து, தொடர்ந்து புதுப்பித்து வருகிறது.

இந்தியாவும் இந்த அழுத்தத்துக்கு அப்பாற்பட்டதல்ல. 2017-ல் தலாய் லாமாவைத் தவாங்குக்கு அனுப்பிவைத்துச் சீனாவின் கண்டனத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டோம். மறு ஆண்டே, திபெத்தியர்கள் இந்தியாவுக்கு நன்றி சொல்ல நடத்திய நிகழ்ச்சிகளுக்குப் போக வேண்டாம் என்று அதிகாரிகளுக்கு அறிவுரை போனது. டெல்லி நிகழ்ச்சி தர்மசாலாவுக்கு இடம் மாறியது. இப்போதும் உறவு சீராகிவரும் வேளையில் எதற்குச் சீண்ட வேண்டும் என்பார்கள். 2024 அக்டோபரில் லடாக் ரோந்து குறித்து உடன்பாடு ஏற்பட்டது உண்மை. வணிகத்துக்கும் சீனா வேண்டியிருக்கிறது. ஆனால், மரணம் நேர்ந்து, இரண்டு பெயர்கள் அறிவிக்கப்பட்டு, உலகமே டெல்லியைப் பார்க்கும் நாளில் பேசுவதைவிட இப்போது பேசுவதற்கு விலை குறைவு. தலாய் லாமா தேர்வில் தலையிடும் சீன அதிகாரிகள் மீது தடை விதிக்க அமெரிக்கா 2020-லேயே சட்டம் இயற்றியது. இந்தியா அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. திபெத் சீனாவின் பகுதி என்று 2003-ல் வாஜ்பாய் அரசு ஒப்புக்கொண்டதைத் திருத்தச் சொல்லியும் நாம் கேட்கவில்லை. அடுத்த தலாய் லாமாவைத் தேர்வதில் எந்த அரசுக்கும் இடமில்லை, அறக்கட்டளை சொல்பவரையே அந்தப் பெயரில் வரவேற்போம் என்று வெளியுறவு அமைச்சகம் ஒருமுறை சொன்னால் போதும். மதச்சார்பற்ற அரசு இதைப் பேசலாமா என்ற கேள்விக்கு இடமில்லை. மதபீடத்தை அரசு நிரப்பக்கூடாது என்பது மதச்சார்பின்மையின் அரிச்சுவடி.

எந்த அரசுக்கும் என்றால், அதில் இந்திய அரசும் அடக்கம். திபெத்திய பௌத்தத்தின் இன்னொரு பிரிவுக்குத் தலைவரான கர்மாபா விஷயத்தில் நாம் நடந்துகொண்ட விதம் பெருமைக்குரியதல்ல. ஓக்யென் டிரின்லே தோர்ஜே, சீனாவும் தலாய் லாமாவும் ஒருசேர ஏற்ற அபூர்வமான லாமா. 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பதினான்கு வயதில், இமயத்தைக் கடந்து நம்மிடம் வந்தார். நாம் கொடுத்தது அடைக்கலமும் அதோடு தீராத சந்தேகமும். கர்மாபா பீடமான சிக்கிமின் ரும்டெக் மடத்துக்கு அவர் போக அனுமதி இல்லை. சீன உளவாளியாக இருக்கலாம் என்ற பேச்சு ஓயவில்லை. 2017-ல் வெளிநாடு சென்றவர், டொமினிக்கா நாட்டின் கடவுச்சீட்டைப் பெற்றுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் திரும்பாமல் இருந்தார். அடுத்த தலாய் லாமாவாக அறிவிக்கப்படும் குழந்தை தவாங்கில் பிறந்த இந்தியக் குடிமகனாகவும் இருக்கலாம், பைலகுப்பே அகதிக் குடியிருப்பில் பிறந்ததாகவும் இருக்கலாம். அதன் குடியுரிமை, பயண ஆவணம், பாதுகாப்பு, எந்த மடத்தில் வளர்வது என்பதில் பெற்றோருக்கும் அறக்கட்டளைக்கும் உள்ள உரிமை ஆகியவற்றை உள்துறை அமைச்சகம் இப்போதே எழுத்தில் வகுத்து, நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும்.